உம் கொட்ட ஆள் வேண்டும்

"இனிமேல் வாயை மூடிக்கொண்டு பேட்டி எடுக்கப் பழகு" என்று எங்கள் ஆசிரியர் சொன்னதில்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் நடத்துவது ஒரு தமிழ் மாத இதழ். தாளை மட்டும் நம்பினால் பிழைப்பு ஓடாது, இனி எடுக்கிற பேட்டி தாளிலும் வரவேண்டும், வீடியோவிலும் வரவேண்டும் என்று முடிவாகிவிட்டது. தாளுக்குப் பேட்டி எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. வீடியோவில் முதல் முயற்சியே சந்தி சிரித்துவிட்டது. எங்கள் ஊர்ப் பூக்கடைக்காரர் ஒருவரைப் பேச வைத்தேன். போட்டுக் கேட்டால் அவர் குரலைவிட என் குரல்தான் அதிகம். "ஆமா ஆமா", "அடடே", "ம்ம்ம்". அவர் தொடங்கிய வாக்கியங்களில் பாதியை நானே முடித்து வைத்திருந்தேன்.

தீபாவளி மலருக்குச் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளி ஒருவரின் பேட்டி வேண்டும் என்றார் ஆசிரியர். பெண்ணாக இருந்தால் நல்லது, கொஞ்சம் கண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது என்றார். எனக்கு உடனே தனம் நினைவுக்கு வந்தாள். விருதுநகரில் என் நாத்தனார் மகளின் கல்யாணத்தை வீடியோ எடுத்தவள். அந்தக் கல்யாண வீடியோவில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் அது நடக்கிற காரியமே இல்லை. அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டே பேட்டியையும் முடித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

விருதுநகரில் இறங்கிய காலை ஒரு விதமான அரைத்தூக்கத்தில் கழிந்தது. ஆடி மாதத்துக் காற்று. ரயில்நிலையத்துக்கு வெளியே வெயில் அதற்குள் ஏறியிருந்தது; தெரு முழுக்க ஒரு மஞ்சள் வெளிச்சம், அதில் தூசி மெதுவாக மிதந்தது. தனம் ஸ்கூட்டியோடு நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துணி, கண்ணில் கருப்புக் கண்ணாடி.

"வாங்கக்கா, வாங்க. சாப்பிட்டீகளா?"

"பசியாறியாச்சும்மா" என்றேன்.

"பசியாறியாச்சா!" என்று சிரித்தாள். "கதையில வர்ற ராணி மாதிரில்ல பேசுறீக." எங்கள் ஊரில் இட்லி தின்றாலும் பசியாறுதல்தான், ரொட்டி சானாய் தின்றாலும் பசியாறுதல்தான். ராணி ஆவதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

அவள் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை. கீழே அவளுடைய ஸ்டுடியோ. வரவேற்பறைச் சுவரில் யார் யாருடைய கல்யாணங்களோ சட்டம் போட்டுத் தொங்கின. மதியம் வரை தூங்கி எழுந்ததும் பாடம் தொடங்கியது.

"அக்கா, எழுதுறதுக்குக் கேக்கும்போது உங்க வாயி வேல செய்யணும். வீடியோவுக்குக் கேக்கும்போது மூஞ்சி வேல செய்யணும். வாயத் தொறக்கவே கூடாது. அவுக சொல்லச் சொல்லக் கண்ணால சரின்னு சொல்லுங்க, தலைய ஆட்டுங்க. சத்தம் மட்டும் வரப்படாது."

அடுத்த பாடம் இன்னும் கஷ்டம். "உங்க பேரென்னன்னு கேப்பீக. மாரியப்பன்னு சொல்லுவாரு. பத்தாது. உங்க கேள்விய நான் வெட்டிருவேன்ல? வெறும் மாரியப்பன் அந்தரத்துல தொங்குவாரு. எம்பேரு மாரியப்பன்னு முழுசாச் சொல்ல வைங்க."

மறுநாள் மிளகாய் மண்டியில் பழகப் போனோம். ஊருக்குள் நுழைந்ததிலிருந்தே மூக்கில் இருந்த காரம் அங்கே போனதும் தொண்டைக்குள் இறங்கியது. சாக்கு மூட்டைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையில் மண்டிக்காரர் குளிர்ந்த அறையில் இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கேள்வியைத் தொடங்குவேன், பாதியில் தும்முவேன். தனம் கேமராவுக்குப் பின்னால் தும்முவாள். "இங்கன தும்முறவுக வெளியாளு" என்றார் மண்டிக்காரர். "நான் தஞ்சாக்கூர்த் தெருக்காரி" என்று தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தெரு இந்த ஊர்தாம்மா. மூக்கு வெளியூரு" என்றார் அவர். பேட்டியில் உருப்படியாக மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

மாலையில் பரோட்டாக் கடை. இந்த ஊர் பரோட்டாவை எண்ணெயில் பொரிக்கிறார்கள். அப்பளம் போல மொறுமொறுப்பாக வருவதை நொறுக்கிச் சால்னாவை ஊற்றினால், ஓரம் நொறுங்கும், நடு இளகும். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயைப் பஞ்சுபோல் தட்டி எடுக்கும் தமிழ் முஸ்லிம் மாமாக் கடைக்காரர்கள் இதைப் பார்த்தால் கோபித்துக்கொள்வார்கள். தின்றால் மன்னித்துவிடுவார்கள். பரோட்டா மாஸ்டரிடம் பேட்டி கேட்டேன். இந்த முறை வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். தலையை மட்டும் ஆட்டினேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என்னை விட்டுவிட்டுத் தனத்தைப் பார்த்தார்.

"அக்காவுக்குத் தொண்ட கட்டிருச்சோ? சுக்குக் காப்பி போடச் சொல்லட்டா?"

தனம் சிரித்து வண்டியை எடுத்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் ஒரு பேட்டி எடுத்துவிட்ட பெருமையில் இருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் சிவகாசி. என் சமையலறைச் சுவரில் பல வருடங்களாகத் தொங்கும் தினசரிக் காலண்டர்கள் இந்த ஊரில்தான் அச்சாகின்றன. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஊர்ப் பெயர் இருக்கும். ஓர் அச்சகத்துக்குள் தனம் அழைத்துப்போனாள். ஆடி மாதம்தான் நடக்கிறது. அங்கே அடுத்த வருடத்தின் பொங்கல் அச்சாகிக் கட்டுக் கட்டாகக் கிடந்தது. ஒரு பெண் அடுத்த வருடத்துச் சித்திரையை அடுக்கித் தட்டிச் சமப்படுத்தினாள். இன்னொருத்தி மார்கழி மேல் தலைவைத்து தேநீர் இடைவேளையில் கண்ணயர்ந்திருந்தாள். இயந்திரத்தின் சத்தம் ஒரே சீராக இருந்ததால் எனக்கும் கண் சொக்கியது. நான் இன்னும் வாழாத நாட்களின் நடுவே நடந்துபோகிற மாதிரி இருந்தது. கிள்ளானில் என் வீட்டு அடுப்புக்கு மேலே நான் கிழிக்கப்போகும் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை இங்கேதான் எங்கோ கிடந்தது.

அங்கிருந்து பட்டாசு வேலை நடக்கும் கிராமங்களின் பக்கம் போக ஒரு ஆட்டோ கிடைத்தது. ஆட்டோவில் எங்களுக்கு முன்பே பட்டாசுப் பெட்டி லேபிள்கள் ஒரு லோடு ஏறியிருந்தன. புலி, ராக்கெட், பூப்போட்ட சட்டையில் சிரிக்கும் குழந்தை. குழந்தைகள் மேல் உட்காரக் கூச்சமாக இருந்ததால் புலிகள் மேல் உட்கார்ந்தேன். வழியில் ஆட்டோ இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்து, "கொஞ்சம் ஆறட்டும் தாயி. அதுக்கும் வெயிலுதான?" என்றார்.

நாங்கள் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். சுற்றிலும் கரிசல் காடு. தூரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அவைதான் பட்டாசுத் தொழிற்சாலை. எங்கோ காயவைத்த காகிதக் குழாய்கள் சிவப்பும் நீலமுமாகக் காற்றில் உருண்டன. தனம் மைக்கை வெளியே எடுத்தாள்.

"ஒரு நிமிசம் பேசாதீகக்கா. சும்மா இருக்குற சத்தத்த எடுத்துக்கிறேன்."

அது அவள் வழக்கம். எங்கே படம் பிடித்தாலும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்வாள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் விழும் பள்ளத்தை அதைப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்றாள். ஹெட்போனை என் காதில் மாட்டினாள். காற்று, வேப்பிலை, ஒரு காக்கை, ஆட்டோ எஞ்சின் ஆறும்போது விடும் டிக் டிக். உலகத்துக்கெல்லாம் வெடி செய்கிற மண்ணில் ஒரு வெடிச் சத்தம்கூட இல்லை. "கேக்கவும் கூடாது" என்றார் ஆட்டோ டிரைவர். அவர் சிரிக்கவில்லை.

நாங்கள் போனது சாத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று ஊரார் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். தனம் முன்பு அங்கே ஒரு கல்யாணம் எடுத்திருக்கிறாள். மணப்பெண்ணின் அத்தை சுப்புத்தாய் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுபவர், நன்றாகப் பேசுவார் என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவர் வேலை முடிந்து வந்ததும் சும்மா பார்த்துப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேட்டி எடுப்பதாகத் திட்டம். ஆட்டோவிலிருந்து இறங்கி, தனம் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். கேமரா கழுத்தில் தொங்கியது. நான் பஞ்சு உறை போட்ட மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டேன். நடு மதியம். தெருவில் ஆளில்லை.

முதல் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த குண்டா விழுந்தது.

"எந்தக் கம்பெனி?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எங்கள் இதழைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "மலேசியாம்மா" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனி?" ஒருத்தி போனை எடுத்து அழைத்து, அழைத்து, மறுபடி அழைத்தாள். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எந்தப் போனும் எடுக்கப்படவில்லை. தெரு முனையிலிருந்து ஒரு அம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தார். நடுத்தர வயது, கலைந்த கொண்டை, காய்ச்சலில் சிவந்த கண். வந்து என் கையைப் பிடித்தார். கை அனலாகக் கொதித்தது.

"எந்தக் கம்பெனி தாயி? சொல்லிருங்க. எதுவானாலும் சொல்லிருங்க."

அப்போதுதான் தனத்துக்கு உறைத்தது. "அய்யோ, ஒண்ணும் நடக்கல! எங்கயும் ஒண்ணும் நடக்கல! நாங்க சும்மா வந்தோம்!" என்று கத்தினாள். கேமராவைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அந்த ஊருக்குள் கேமரா வருவதென்றால் இரண்டே காரணம்தான். கல்யாணம், இல்லையென்றால் விபத்து. "கல்யாணத்துக்கு வந்தாப் பந்தல் இருக்கும்" என்று பிறகு என்னிடம் முணுமுணுத்தாள். "பந்தலில்லாத தெருவுக்குள்ள கேமராவத் தூக்கிட்டு வந்துட்டோம்க்கா."

தெரு மெதுவாக மூச்சு விட்டது. சிலர் அழுதார்கள், சிலர் எங்களைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். தப்பே இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரியும் மனதுக்குள் ஒரு சாவைப் பார்த்து முடித்திருந்தாள். நான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். செருப்பில்லாமல் ஓடிவந்த அம்மாதான் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் சுப்புத்தாய். காய்ச்சல் என்று அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறார்.

"எதுக்கு வந்தீக?" என்று கேட்டார்.

"உங்ககிட்ட ஒரு பேட்டி எடுக்கலாம்னு..."

"பேட்டியா?" அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எங்க வீட்டுல யாரும் சாகலியே தாயி."

நான் இத்தனை வருடம் சோறு தின்ற வார்த்தை அது. அமைச்சர் கொடுப்பதும் பேட்டி, நடிகர் கொடுப்பதும் பேட்டி. அந்தத் தெருவில் பேட்டி என்றால் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று கொடுப்பது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தனம் சொல்லிக்கொடுக்காமலே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சுப்புத்தாய் ஏற்கெனவே ஒரு பேட்டி கொடுத்தவர். அதைச் சொன்னவள் கார்த்திகா. சுப்புத்தாயின் தங்கை முனீஸ்வரியின் மகள், சாத்தூரில் கல்லூரிக்குப் போகிறாள். மாலைப் பேருந்தில் வந்து இறங்கியவள், எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்; கூடவே சாத்தூர்க் காராச்சேவு. பூண்டு வாசத்தோடு நாக்கில் சுள்ளென்று இறங்கியது. தின்றுகொண்டே அவள் சொல்வதைக் கேட்டோம். முனீஸ்வரி ஒரு பட்டாசு விபத்தில் போனபோது கார்த்திகா கைப்பிள்ளை. அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். வளர்த்தது பெரியம்மாதான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுததை டிவிக்காரர்கள் படம் எடுத்திருக்கிறார்கள்.

"வருசா வருசம் தீவாளி வந்தா அதப் போடுறாக" என்றாள் கார்த்திகா. "எங்கயாவது ஒரு கம்பெனியில விபத்துன்னாலும் அதத்தான் போடுறாக. எங்க அம்மா அதுல எங்கனயும் இல்ல. பெரிம்மா அழுறது மட்டுந்தான். எனக்கு எங்கம்மான்னா அந்த அழுகதான் ஞாபகத்துக்கு வரும்."

உள்ளே சுப்புத்தாய் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"அவளப் பத்திச் சொல்ல எம்புட்டோ இருக்கு. இவகிட்டச் சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில இவ அழுதுருவா, நானும் நிப்பாட்டிருவேன். இதுவரைக்கும் ஒருதரம்கூட முழுசாச் சொன்னதில்ல." கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கிழம வாங்க. சொல்லிப் பாக்குறேன். ஆனா நான் அழுகணும்னு காத்துக்கிட்டு இருந்தீகன்னா, அந்த டப்பாவ இப்பவே மூட்ட கட்டிருங்க."

கண்ணீர் இருந்தால் நல்லது என்ற ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். "அழ வேண்டாம்மா" என்றேன். அப்படிச் சொன்ன எனக்கே அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை ஒரு கனவுபோல் கழிந்தது. மாடியில் படுத்துக்கொண்டு கேள்விகள் எழுதினேன், அடித்தேன். கீழே தனம் யாருடைய கல்யாணத்தையோ வெட்டிக்கொண்டிருந்தாள். நாதஸ்வரம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தொடங்கி நின்றது. தாலி கட்டாமலே மதியம் போய்விட்டது. ஜங்ஷனில் ரயில் நிற்கும் சத்தம், கிளம்பும் சத்தம், காற்றில் மிளகாய். அடிக்கடி கண்ணயர்ந்தேன். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் "எந்தக் கம்பெனி?" என்று யாரோ கேட்டுவிட்டுப் போனது போலிருந்தது.

ஞாயிறு காலை போனபோது தனம் ஒரு காரியம் செய்தாள். தெருமுனையிலேயே கேமராவைப் பைக்குள் வைத்துப் பூட்டி, ஸ்டாண்டைப் போர்வையில் சுற்றி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் தட்டில் பூவுமாகத் தெருவுக்குள் நுழைந்தாள். "யாருக்கு விசேசம்?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். ஞாயிறு என்பதால் ஆண்களும் பெண்களும் வீட்டில் இருந்தார்கள். எல்லார் முகத்திலும் விடுமுறை இருந்தது.

சுப்புத்தாய் தலை குளித்து, பச்சைச் சேலை கட்டியிருந்தார். மின்விசிறிச் சத்தம் பதிவாகிவிடும் என்று அதை அணைத்தோம். சேவலைக் கூடையில் கவிழ்த்தோம். தனம் காலர் மைக்கைக் குத்திவிட்டாள். என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தாள். கார்த்திகா கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அதே விரல்.

"சொல்லுங்கம்மா. எம்பேருன்னு ஆரம்பிங்க" என்றேன்.

"எம்பேரு சுப்புத்தாய். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. முனீஸ்வரி." நன்றாகத்தான் தொடங்கினார். "அவளும் நானும் ஒரே கம்பெனியிலதான் இருந்தோம். நான் சரம் பின்னுவேன். அவ கம்பி மத்தாப்புப் பக்கம்." நிறுத்தினார். நான் தலையை ஆட்டினேன். "அங்க கை பூராம் அலுமினியப் பவுடரு ஒட்டிக்கிரும்." நிறுத்தினார். நான் கண்ணை விரித்துத் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

"என்ன தாயி இது. அன்னைக்கு வந்தவுகளும் இப்பிடித்தான். மைக்க நீட்டிக்கிட்டு முழிச்சிப் பாத்துக்கிட்டே நின்னாக. சொல்லுங்க சொல்லுங்கன்னாக. சொன்னா ஒருத்தரும் உம் கொட்டல. உம் கொட்டாதவுககிட்ட எப்பிடிக் கத சொல்றது? செவுத்துட்டச் சொல்றாப்புல இருக்கு. அதான் அழுக வந்துச்சு. இன்னைக்கும் வருது."

பரோட்டா மாஸ்டர் சுக்குக் காப்பி போடச் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தனத்தைப் பார்த்தேன். அவள் பதிவை நிறுத்தக் கையைத் தூக்கினாள்.

"ம்" என்று ஒரு குரல் வந்தது.

கதவோரத்திலிருந்து கார்த்திகா. வாய் மூடி, சின்னதாக. சுப்புத்தாய் அவள் பக்கம் திரும்பினார்.

"அலுமினியப் பவுடரு இருக்குல்ல?" என்றார் அவளிடம்.

"ம்."

"சோப்புப் போட்டாலும் போகாது. புளி போட்டுத் தேச்சாலும் போகாது. உங்கப்பன் வீட்டுல இருந்து பொண்ணு பாக்க வாராகன்னு சொல்லிவிட்டாக. லீவு போடுடின்னேன். சீசன் நேரம், போட மாட்டேன்னுட்டா."

"ம்."

தனம் தலையில் கைவைத்தாள். ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு "ம்" பதிவாகிக்கொண்டிருந்தது. நான் வேண்டாம், விடு என்று கையைக் காட்டினேன். சுப்புத்தாய் இப்போது என்னையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. நான் எழுதி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றையும் கேட்கவில்லை.

"கம்பெனி வேன்ல வந்து எறங்குறா, உள்ள மாப்ள வீட்டாளுக உக்காந்திருக்காக. பின்வாசல் வழியா ஓடியாந்து எண்ணெயத் தேச்சா, மண்ணத் தேச்சா. போவனான்னுருச்சு. அப்பிடியே சேலையச் சுத்திக் காப்பித் தட்டக் குடுத்து அனுப்பிட்டேன். டம்ளரு பூராம் அவ வெரல் பட்டு வெள்ளி வெள்ளியா அப்பிருக்கு. நான் கதவிடுக்குல நின்னு பாக்கேன்."

"ம்... அப்புறம்?"

"உங்கப்பன் காப்பிய வாங்கிக் குடிச்சான். குடிச்சிட்டு மீசையத் தடவுனாம் பாரு. மீச பூராம் வெள்ளி! நெத்தியத் தொட்டான், அங்கயும் வெள்ளி. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக. எல்லாரும் விட்டத்தப் பாக்காக. அவுக ஆத்தாதான், 'ஏலே, பொண்ணு பாக்க வந்த எடத்துலயே நரைச்சிட்டியேலே!'ன்னுச்சு."

கார்த்திகா "ம்" சொல்லவில்லை. சிரித்துவிட்டாள். தனம் உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பிடித்தாள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"பொண்ணு சிரிக்கப்படாதுல? உங்கம்மா அடுப்படிக்குள்ள நின்னு கெக்கெக்கேன்னு சிரிச்சா. நான் தொடையில கிள்ளுதேன், நிப்பாட்ட மாட்டேங்கா. வந்தவுக எந்திரிச்சுப் போயிருவாகன்னு நெனச்சேன். உங்கப்பன் கண்ணாடியில மூஞ்சியப் பாத்தான். பாத்துட்டு, 'கெழவனானா நான் எப்பிடி இருப்பேன்னு இப்பவே பாத்துட்டா. பாத்தும் சிரிக்கா. பெறகென்ன, பேசி முடிங்க'ன்னான்."

வெளியே கூடைக்குள்ளிருந்து சேவல் ஒருமுறை கூவியது.

"அப்பாவுக்கு இப்ப நெசமாவே நரைச்சிருச்சு பெரிம்மா" என்றாள் கார்த்திகா.

"ஆமா" என்றார் சுப்புத்தாய். "அவ மொதல்லயே பாத்துட்டாள்ல."

அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு முதல் முறையாக நேராகக் கேமராவைப் பார்த்தார். "இது அழுக இல்ல. சிரிச்சதுல வந்தது. வெட்டாதீக."

அன்று மதியம் அங்கேயே சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பும் சோறும். கார்த்திகா சாப்பிட்டு முடித்த கையோடு அப்பாவை அழைத்தாள். "ஏப்பா, உங்க மீசையக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள். நான் எழுந்து தெருப்பக்கம் போய்விட்டேன். காலர் மைக் இல்லாத இடத்தில் நான் தேம்பி அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

கிள்ளான் திரும்பியதும் ஆசிரியர் பார்த்தார். முதலில் அமைதியாக, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாம் சரி. நடுநடுவே யாரோ 'ம்' என்கிறார்களே, வாயை மூடச் சொல்லித்தானே உன்னை அனுப்பினேன்? அதை எடுத்துவிடு" என்றார். அது நானில்லை என்றேன். எடுக்கவும் முடியாது, எடுத்தால் கதை நின்றுவிடும் என்றேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் தாளிலும் திரையிலும் ஒரே மாதிரிதான் போனது: பேட்டி, கார்த்திகா. படம், தனலட்சுமி. என் பெயர் கீழே, உடன் சென்றவர் என்று.

வெளியான வாரம் சுப்புத்தாய் போன் செய்தார். சுற்றிலும் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது.

"தாயி, எங்க தெருவுல எல்லாரும் பாத்துட்டோம். செல்லச் சுத்தி உக்காந்து பாத்தோம். சிரிப்பான சிரிப்பு. ஒருத்தியும் எந்தக் கம்பெனின்னு கேக்கல தெரியுமா?"

அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றேன்.

அவர் மேலே சொல்லத் தொடங்கினார்.